விலக்கில் நின்ற மேளம்

அத்தியாயம் 19

போன வாரம் கன்னையனை ஜீப்புச் சாவியும் கையுமாக வாசலில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், மனுஷர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.

விடிகாலையில் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களில் ஆங்காங்கே இறக்கிவிட்டுத் திரும்பியாயிற்று. அவர்களோடு அவர் மனைவி பேச்சியும் காய் பறிக்கப் போயிருக்கிறாள். சாயந்தரம் மறுபடியும் மலையேறி எல்லாரையும் கூட்டிவர வேண்டும். நடுவில் இருக்கிற பகல் அவருக்குச் சொந்தம். அந்தப் பகலில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதுதான் கால் எழவில்லை.

"யப்பா, சாவியச் சுத்திக்கிட்டே நின்னா ஜீப்பு தானாக் கிளம்பிருமா? வெரசா வாங்க" என்றபடி சுகன்யா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருஷம் வைகாசியில், சிலமலையில் கன்னையனின் தங்கை சுந்தரம்மாளின் மகள் பானுப்பிரியாவுக்குப் பூப்புச் சடங்கு. தாய்மாமன் கொண்டுவரும் சேலையைக் கட்டித்தான் பெண் மணையில் உட்கார வேண்டும். கன்னையன் நல்ல நாளாகப் பார்த்து, போடியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை எடுத்தார். ரவிக்கைக்கும் முந்திக்கும் ஆரிப் பூவேலை செய்ய மதுரைக்கு அனுப்பச் சொல்லி முழுப் பணத்தையும் கட்டினார். சடங்குக்கு முதல் நாள் தந்துவிடுவதாகக் கடைக்காரர் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதல் நாளும் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. சேலை வந்து சேர்ந்தபோது சிலமலையில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தாய்மாமன் சீர் வருகிறதென்றால் பெண் வீட்டார் மேளத்தோடு, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்குவரை வந்து அழைத்துப் போவார்கள். சுந்தரம்மாளின் கணவர் திருப்பதியும் அப்படித்தான் வந்தார். மேளக்காரர்களோடும் அண்ணன் தம்பிகளோடும் மெயின் ரோட்டு வெயிலில் நின்று நின்று பார்த்தார். மச்சான் வரவில்லை. கடைசியில் மேளம் அடிக்காமலே ஊருக்குள் திரும்பிப் போனார்கள். யாரோ சித்தி கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு பெண் மணையில் உட்கார்ந்தது.

அன்றைக்கு முறிந்த பேச்சு இன்னும் ஒட்டவில்லை. இந்தப் பங்குனியில் திருப்பதி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். கணவனை இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் கோடிச் சேலை போர்த்த வேண்டும். கன்னையன் எடுத்துக்கொண்டுதான் போனார். "சீரு கொண்டாராத கை கோடி கொண்டார வேணாம்" என்று சுந்தரம்மாள் உள்ளிருந்து சொல்லியனுப்பினாள். தெருமுனையிலிருந்தே திரும்பி வந்தார்.

இப்போது அவர் வீட்டு பீரோவில் இரண்டு சேலைகள் இருக்கின்றன. இரண்டையும் யாரும் உடுத்தவில்லை. சுபத்துக்கு எடுத்ததையும் துக்கத்துக்கு எடுத்ததையும் ஒன்றாக வைக்கக் கூடாதென்று பேச்சி தனித்தனித் தட்டில் வைத்திருக்கிறாள்.

மாமா செத்த பிறகுதான் சுகன்யாவுக்கு ஆத்திரம் வந்தது. கல்லூரியில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறவள். நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டு விசாரித்து, வக்கீல் யாருமில்லாமல் தானே தேனி நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டுவிட்டாள். கடைக்காரரின் பதில் போன வாரம் வந்தது. சேலை சடங்கு நாளிலேயே ஒப்படைக்கப்பட்டுவிட்டதாம். மன உளைச்சல் ஏற்பட்டது என்பதற்குச் சாட்சி இல்லையாம்.

சாட்சி சிலமலையில் இருக்கிறாள். அத்தை சுந்தரம்மாள் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

கன்னையனுக்குக் கடைக்காரரின் பணம் வேண்டியதில்லை. தப்பு கடைக்காரர் மேல்தான் என்று பெரிய இடத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டால், அதைச் சொல்லிக்கொண்டு தங்கை வீட்டுப் படியேறலாம் என்று ஒரு நினைப்பு. உடன்பிறந்தது அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு இருக்க அவரால் முடியவில்லை.

"யப்பா, அத்தைகிட்டக் காட்டுறதுக்கு முன்னால வரிசையா எழுதிக்கணும். அன்னைக்குக் காலையில நீங்க சிலமலைக்குப் போன் பண்ணினீங்களா?" என்று ஜீப்பில் ஏறியதும் கேட்டாள் சுகன்யா.

"அவுகதான் பண்ணினாக. திருப்பதி மாப்ள பண்ணினாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? லேட்டாகும்னு சொன்னேன்." கன்னையன் தேவையில்லாமல் ஹாரனை அடித்தார். முன்னால் ஒரு கோழிகூட இல்லை.

போகிற வழியில் ஜவுளிக்கடை. முதலாளி சின்ராசு நேற்றே போன் போட்டு, ஒரு எட்டு வந்து போகச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றார் கன்னையன். என்னதான் சொல்கிறார் கேட்போமே என்றாள் மகள்.

கடையில் ஆவணி முகூர்த்தக் கூட்டம். சின்ராசு கல்லாவை விட்டு எழுந்து வந்து, துணிக்கட்டுகள் அடுக்கியிருந்த பின்பக்கத்துக்கு இருவரையும் கூட்டிப்போய் உட்கார வைத்தார். டீ வரவழைத்தார். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் கையைக் கடித்தால், பிறகு தாருங்கள் என்று விடுகிறவர்தான். ஆனால் கேஸில் இழுத்துவிட்டார்கள் என்ற பேச்சு பஜார் முழுக்கச் சுற்றியதில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"கன்னையாண்ணே, நமக்குள்ள எதுக்குண்ணே ஆணையம் அது இதுன்னு? சேலையக் கொண்டாங்க. கட்டின பணத்த அப்படியே தர்றேன். அதுபோக பாப்பாவுக்கும் ஒரு நல்ல பட்டா எடுத்துக்கங்க. திங்கக்கிழமைக்குள்ள கேஸ வாபஸ் வாங்கிருங்க."

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாதுன்னு பில்லுல முத்திரை குத்தியிருக்கீங்களே சார்?" என்றாள் சுகன்யா.

"அது எல்லாக் கடையிலயும் குத்துறதுதானே பாப்பா."

"சொன்ன தேதிக்குப் பொருள் தராதபோது அந்த முத்திரை செல்லாது சார். பணத்தத் திருப்பிக் கேக்கிறது எங்க உரிமை. நீங்க மனசிரங்கிக் குடுக்கிறது இல்ல."

"நாந்தான் அன்னைக்கே குடுத்துட்டேனே! சாயந்தரம் உங்கப்பா கையிலதான குடுத்தேன்?"

"சடங்கு காலையில. சாயந்தரம் நீங்க குடுத்தது சேலை, சீரு இல்ல."

சின்ராசு பெருமூச்சு விட்டார். "மதுரைக்காரன் அனுப்பல. நான் என்னம்மா செய்வேன்?"

"மதுரைக்காரர் யாருன்னே எங்களுக்குத் தெரியாது. நாங்க காசு கட்டினது உங்ககிட்ட. தேதி எழுதிக் குடுத்தது நீங்க. சரி, அன்னைக்குக் காலையில பார்சலு மதுரைய விட்டே கிளம்பலைங்கிறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

சின்ராசு பக்கத்திலிருந்த துணிக்கட்டின் முடிச்சை இறுக்கினார்.

"தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஆண்டிபட்டி தாண்டிருச்சு, தேனி வந்துருச்சு, அரை மணி நேரத்துல வந்துரும்னு சொல்லிச் சொல்லி எங்கப்பாவ இங்கேயே உக்கார வச்சீங்க. வேற சேலை குடுங்கன்னு கேட்டாரு. எதுக்குண்ணே வேறன்னு தடுத்தீங்க. லேட்டாக் குடுத்தது ஒரு தப்புன்னா பொய் சொன்னது அதவிடப் பெரிய தப்பு சார்."

பொய் என்ற சொல் சின்ராசுவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கடைப் பையன்கள் காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஆமா, சொன்னேன். யாவாரத்துல வந்துக்கிட்டே இருக்குன்னு சொல்லாத ஆளு யாரு? உங்கப்பா மட்டும் என்னவாம்? இந்தா, இந்தத் தூணுகிட்ட நின்னுக்கிட்டுத்தான போன்ல பேசினாரு? 'மாப்ளே, விலக்குக்கு வந்துட்டேன், மேளத்தக் கூட்டிக்கிட்டு வாங்க'ன்னு சத்தமா சொன்னாரே, நான் கேட்டுக்கிட்டுத்தான நின்னேன்? அப்படிச் சொல்லச் சொல்லி நானா சொல்லிக் குடுத்தேன்?"

சுகன்யா அப்பாவைப் பார்த்தாள். கன்னையன் டீ டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ராசுவுக்குச் சொன்ன மறுநிமிஷமே மனசு கேட்கவில்லை. "இத நான் எங்க வக்கீலுகிட்டகூடச் சொல்லல அண்ணே. கோவத்துல வந்துருச்சு. திங்கக்கிழமை வரைக்கும் யோசிங்க" என்றார், குரலைத் தாழ்த்தி.

டீ ஆறிப்போய்விட்டது. குடிக்காமலே எழுந்தார்கள்.

நம் பக்கத்தில் இது ஒரு வியாதி. கிளம்பிட்டேன் என்கிறவன் அப்போதுதான் குளிக்கப் போயிருப்பான். பக்கத்தில் வந்துவிட்டேன் என்கிறவன் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். கேட்கிறவனுக்கும் அது தெரியும். அதனால் யாரும் பொய் என்று நினைப்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி ஒருவர் மேளத்தைக் கூட்டிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கன்னையன் குடும்பத்தைக் கேட்டால் சொல்வார்கள்.

ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியது. மலையிலிருந்து இறங்கிவந்த சாரல் போடியோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் வெயிலும் தென்னந்தோப்புகளும்தான்.

"எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க?"

கன்னையன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாப்ள ரெண்டாந் தடவ போன் பண்ணி 'எங்கன இருக்கீக மச்சான்'னு கேட்டாரு தாயி. பக்கத்துல அவுக அண்ணந்தம்பிக சத்தம். 'ஒன் மச்சான் வரமாட்டான் போ'ன்னு ஒருத்தன் சிரிச்சான். எனக்கு ரோசம் வந்துருச்சு. அரை மணியில சேலை வந்துரும்னு கடைக்காரரு சொல்றாரு. மேளம் விலக்குக்கு வந்து சேர்றதுக்குள்ள ஜீப்ப மிதிச்சுப் போயிரலாம்னு கணக்குப் போட்டேன்."

"பெறகு?"

"பெறகு என்ன, வரல. மாப்ள திரும்பத் திரும்பக் கூப்பிட்டாரு. என்னன்னு சொல்றது? போன அணைச்சுட்டேன்."

சுகன்யாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இத்தன நாளா நான் என்னத்த எழுதிக்கிட்டிருந்தேன்? கடைக்காரர் பொய் சொன்னாரு, பொய் சொன்னாருன்னு பக்கம் பக்கமா எழுதினேனே. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"சொல்ல வாய் வரல தாயி."

"அத்தை வீட்ல என்ன நெனச்சுக்கிட்டிருக்காங்கன்னு தெரியுமா உங்களுக்கு? ஒருநாள் பானு போன்ல அழுதா. 'மாமா விலக்கு வரைக்கும் வந்து, எங்கப்பாவப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாராம் மதினி'ன்னு அழுதா. எங்கப்பா கடையவிட்டே கிளம்பலடீன்னு சத்தியம் பண்ணினேன். அவ நம்பல. யாரோ கதை கட்டி விட்டிருக்காங்கன்னு நெனச்சேன். கட்டிவிட்டது நீங்கதானாப்பா?"

கன்னையனுக்கு அது புதுச் செய்தி. ஜீப் ஒரு குலுங்கு குலுங்கியது.

"நான் எதுக்கு அவரப் பாத்துட்டுத் திரும்பணும்?"

"முந்தின வருஷம் மாமா, அத்தைக்குத் தாத்தா காட்டுல பங்கு உண்டான்னு கேட்டாருல்ல? அந்தக் கோவத்துல வேணும்னே மேளத்தோட நிக்க வச்சு அவமானப்படுத்திட்டீங்கன்னு அந்த ஊரே பேசுதாம்."

திருப்பதி கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் சாப்பிட்டுக் கை கழுவுகிறபோது, தயங்கித் தயங்கி. பார்க்கலாம் மாப்ளே என்று கன்னையனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொடுக்கக் கூடாது என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. இரண்டையும் சேர்த்து ஊர் முடிச்சுப் போடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

விலக்கு வந்தது. பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு பேர் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். கன்னையன் ஜீப்பை ஓரம் கட்டினார். திருப்பினாலும் சரி, ஊருக்குள் விட்டாலும் சரி என்று சுகன்யா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னையன் கியரைப் போட்டு ஊருக்குள் விட்டார்.

சுந்தரம்மாள் வீட்டு முன்னறையில் சாக்கை விரித்துக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். திருப்பதி போன பிறகு ஆளே பாதியாகியிருந்தாள். முதலில் பார்த்தது பானுப்பிரியாதான். கையில் புத்தகத்தோடு எழுந்தவள், அப்படியே நின்றாள்.

"யம்மா, மாமா வந்திருக்காக."

சுந்தரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "வாடி சுகன்யா, உள்ள வா" என்றாள். அண்ணனை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

சுகன்யா உள்ளே போய்ச் சாக்கில் உட்கார்ந்தாள். கன்னையன் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். பானு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மதினிக்குக் கொடுத்துவிட்டு, மாமாவுக்குக் கொடுக்கலாமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பானு தானாகவே போய்க் கொடுத்தாள்.

"அத்தை, ஜவுளிக்கடை மேல கேஸு போட்டிருக்கோம்ல, அதுக்கு நீங்க ஒரு வாக்குமூலம்…"

"இரு தாயி" என்றார் கன்னையன். "அது பெறகு. மொதல்ல நான் ஒண்ணு சொல்லணும்."

சுந்தரம்மாள் தலை நிமிரவில்லை. விரல்கள் கடலையை உடைத்துக்கொண்டே இருந்தன.

"சுந்தரம், அன்னைக்கு நான் விலக்குக்கு வரவே இல்ல ஆத்தா. கடையிலதான் நின்னேன். இந்தா வந்துரும், இந்தா வந்துரும்னு சொன்னாக. நம்பி நின்னேன். மாப்ள போன் பண்ணினப்ப அவுக ஆளுக சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. வீம்புக்கு விலக்குக்கு வந்துட்டேன்னு சொல்லிட்டேன். சேலை வரல. சொன்ன பொய்ய எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னு தெரியாம ஓடி ஒளிஞ்சுட்டேன். அதுதான் நடந்துச்சு. இதத்தான் இத்தன நாளாச் சொல்லாம இருந்தேன்."

கடலை உடைபடும் சத்தம் நின்றது.

"அப்ப நீ விலக்குக்கே வரல?"

"வரல."

"பானு அப்பாவப் பாக்கல?"

"கடையத் தாண்டவே இல்ல ஆத்தா."

"அவுகளப் பாத்துட்டு ஜீப்பத் திருப்பிக்கிட்டுப் போகல?"

"வந்தாத்தான சுந்தரம் திரும்பிப் போறதுக்கு?"

பானுதான் முதலில் பேசினாள். "எனக்கு அந்தச் சடங்கே புடிக்கல மாமா. எல்லாரும் பாக்க உக்காந்திருக்கிறது கூச்சமா இருந்துச்சு. நீங்க வந்தா சாயந்தரம் ஜீப்புல மெட்டு வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போவீகன்னு அதுக்குத்தான் உக்காந்திருந்தேன். சும்மா வந்திருக்கலாம்ல? கைய வீசிக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

தாய்மாமன் வெறுங்கையோடு வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான் அன்றைக்குக் கன்னையன் நினைத்தார். அந்த நாலு பேரும் யார் என்று இப்போது கேட்டால் அவருக்கே தெரியாது.

"திட்டு சுந்தரம். நாலு வார்த்தை திட்டிரு. மாப்ளைய நடுரோட்ல நிக்க வச்ச பாவி நான். அவரு எம்மேல இருந்த கோவத்தோடயே போயிட்டாரு."

"கோவமா?" சுந்தரம்மாள் இப்போதுதான் அண்ணனை நேராகப் பார்த்தாள். "அவுக ஒம்மேல கோவப்பட்டாகன்னு நெனச்சியா? ஒரு நா, ஒரு பொழுது கோவப்படல. அவுக அண்ணந்தம்பிக பேசினப்பகூட வாயத் தொறக்கல. 'நான் பங்கு கேட்டிருக்கப்படாது சுந்தரம், என் வாயாலதான் ஒனக்குப் பொறந்த வீடு இல்லாமப் போச்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக. சோத்துல கை வச்சாச் சொல்லுவாக. மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது சொல்லுவாக. போடிக்குப் போகணும்னா விலக்கு வழியாப் போக மாட்டாக. சைக்கிள உருட்டிக்கிட்டுக் காட்டுப் பாதையில சுத்திப் போவாக. அந்த எடத்தப் பாத்தா நெஞ்சக் கரிக்குதும்பாக."

கன்னையன் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நானாச்சும் சும்மா இருந்தேனா? அதுவும் இல்ல. மாசியில ஒருநா, எங்க மாமியா வழிச் சொந்தத்துல கலியாணம். எல்லாருக்கும் பொறந்த வீட்ல இருந்து ஆளு வந்திருந்துச்சு. எனக்கு மட்டும் யாருமில்ல. வீட்டுக்கு வந்ததும் அவுக மறுபடியும் என்னாலதான்னு ஆரம்பிச்சாக. எனக்குப் பொறுக்க மாட்டல. 'ஆமா, ஒங்களாலதான்'னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை.

"சொல்லிட்டேண்ணே. ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதுக்கப்புறம் அவுக அதப் பத்திப் பேசவே இல்ல. பங்குனியில போயிட்டாக. நான் அப்படிச் சொன்னத நெஞ்சுல வச்சுக்கிட்டுத்தான் போனாக."

கன்னையன் படியில் உட்கார்ந்து அழுதார். மலைப்பாதையில் இருட்டிலும் மழையிலும் கை நடுங்காமல் ஜீப் ஓட்டுகிறவர், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எந்த ஆணையமும் அவருக்குத் தீர்த்து வைக்க முடியாத வழக்கு இது. கடைக்காரர் தாமதித்தது ஒரு பகல். இவர் தாமதித்தது ஒரு மனுஷனின் மிச்ச ஆயுசு.

"எங்கிட்டச் சொல்லிட்ட. சரி" என்றாள் சுந்தரம்மாள். "அவுககிட்ட இனி யாருண்ணே சொல்றது?"

தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். சுகன்யா மடியில் இருந்த காகிதங்களைச் சேர்த்துப் பைக்குள் வைத்தாள். அவளுடைய கேஸ் இவ்வளவு சின்னதாக அவளுக்கு இதற்குமுன் தோன்றியதில்லை.

"வர்றோம் அத்தை."

"எங்கன போற? உக்காரு. என்னமோ வாக்குமூலம்னு சொன்னயில்ல, அத எழுது."

"வேணாம் அத்தை. கடைக்காரர் பணத்தத் தர்றேன்னு சொல்லிட்டாரு. திங்கக்கிழமை வாபஸ் வாங்கிட்டாக்கூடப் போதும்."

"எழுதுடி. கடைக்காரரு வந்துருச்சு, வந்துருச்சுன்னு சொன்னத எழுது. ஒங்கப்பன் விலக்குக்கு வந்துட்டேன்னு சொன்னதையும் எழுது. அத நம்பி அவுக வெயில்ல நின்னத எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்."

"ரெண்டையும் எழுதினா கேஸு நிக்காது அத்தை. இவ்வளவுக்கும் காரணம் நீங்கதான்னு அப்பா மேலயே திருப்பி விட்ருவாங்க. போடி பஜார் முழுக்கச் சிரிக்கும்."

"நிக்காட்டிப் போகுது." சுந்தரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அவுககிட்டக் கடைசியாச் சொன்ன சொல்லு அப்படியே நிக்கக் கூடாதுடி. பானு அப்பா மேல ஒரு தப்பும் இல்லைன்னு எங்கயாச்சும் ஒரு எடத்துல எழுதி இருக்கட்டும்."

சுகன்யா வாசலைப் பார்த்தாள். கன்னையன் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. பானுப்பிரியா உள்ளே போய், வைத்து எழுதுவதற்குத் தன் பரீட்சை அட்டையைக் கொண்டுவந்து மதினியின் மடியில் வைத்தாள்.